எட்டாம் நிலைக்கு மேலே

2004 டிசம்பரில் ஜப்பான் நிதி அமைச்சகத்தின் வட்டார அலுவலகம் ஒன்று ஒரு ஷின்டோ கோவிலுக்கு ஓர் ஆவணத்தைக் கொடுத்தது. அரசின் பெயரில் இருக்கும் ஒரு நிலத்தை விலையில்லாமல் கோவிலுக்கு மாற்றித் தருகிறோம் என்பது அதன் சாரம். பரப்பு சுமார் 385 ஹெக்டேர், நம்ம கணக்கில் 950 ஏக்கர். விளைநிலம் இல்லை, காடும் இல்லை. எரிமலைக் கல்லும் சாம்பலும், நடுவில் பெரிய பள்ளம் ஒன்றும்தான். ஃபுஜி மலையின் உச்சி அது.

நிலத்தை வாங்கிக்கொண்ட கோவிலின் பெயர் ஃபுஜிசான் ஹோங்கூ செங்கென் தைஷா. மலையின் தென்மேற்கு அடிவாரத்தில், ஃபுஜினோமியா நகரத்தில் இருக்கிறது. ஜப்பான் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் செங்கென் கோவில்கள் உண்டு. அத்தனைக்கும் இதுதான் தலைமை. இந்த நிலத்துக்காக அரசின் மேல் இவர்கள் வழக்குப் போட்டது 1957இல். உச்சநீதிமன்றம் இவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1974இல். தாள் கைக்கு வந்தது 2004இல். அதற்குப் பிறகும் பத்திரப்பதிவு நடக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். பதிவு செய்ய வேண்டுமானால் நிலம் எந்த மாவட்டத்தில், எந்த ஊரில் இருக்கிறது என்று எழுத வேண்டும். ஃபுஜி உச்சி ஷிஜுவோகாவில் இருக்கிறதா யாமானாஷியில் இருக்கிறதா என்பது முடிவாகவில்லை. அரசு வரைபடத்தில் இரண்டு மாகாணங்களுக்கும் நடுவே வரும் எல்லைக்கோடு, உச்சிப் பக்கம் வந்ததும் நின்றுவிடுகிறது. 2014இல் இரண்டு ஆளுநர்களும் கோடு போடப் போவதில்லை என்றே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இந்தக் கதையில் முதலில் மாட்டியது அந்தக் காலியான கட்டம்தான். மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு ‘நல்’ மதிப்பு என்றால் கண் தானாகப் போகும். கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரு புலம் காலியாக இருப்பதால் ஒரு ரெக்கார்டு பல வருஷமாக ‘பெண்டிங்’கில் நிற்பதை தினமும் பார்க்கிறோம். ஆனால் உள்ளே போகப் போக வேறொரு கேள்வி பெரிதானது. கோவிலுக்குக் கிடைத்தது முழு மலை இல்லை. எட்டாம் நிலைக்கு மேலே உள்ள பகுதி மட்டும். மலையே தெய்வத்தின் உடல் என்கிறார்கள். ஷின்டோவில் அதற்கு ஷின்தாய் என்று பெயர். அப்படியென்றால் அந்த உடல் ஏன் சரியாக எட்டாம் நிலையில் தொடங்க வேண்டும்?

முதலில் இந்த ‘நிலை’ என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஃபுஜியின் ஏறுபாதைகள் அடியிலிருந்து உச்சிவரை பத்து பங்காகப் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரு ‘கோ’. அரிசி அளக்கும் பழைய படிக்கும் கோ என்றுதான் பெயர். கொட்டி வைத்த அரிசிக் குவியல் போல மலை இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. பத்து பங்கும் ஒரே உயரமாக இருக்கும் என்றெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. இப்போது பேருந்து ஐந்தாம் நிலைவரை போகிறது. எட்டாம் நிலை சுமார் 3,400 மீட்டரில். உச்சி 3,776.

*

ஃபுஜியைக் கும்பிட்டவர்கள் முதலில் அதன் மேல் ஏறவில்லை. அது நெருப்பு கக்கும் மலை. 781இல் தொடங்கி வெடிப்புகளைப் பற்றிய எழுத்துப் பதிவுகள் இருக்கின்றன. தூரத்தில் நின்று, அடங்கு என்று வேண்டிக்கொள்வதுதான் வழிபாடு. மலையில் இருந்த தெய்வத்துக்கு அசாமா என்று பெயர். செங்கென் என்பதும் அதே இரண்டு சித்திர எழுத்துகளை வேறு விதமாக வாசிப்பதுதான்.

அன்றைய அரசு இந்தத் தெய்வத்தை நடத்திய விதம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அரசவை அதிகாரிகளுக்குத் தரும் பதவிப் படிநிலையைத் தெய்வங்களுக்கும் தருவார்கள். 853இல் அசாமாவுக்கு மூன்றாம் நிலையின் கீழ்ப்படி கிடைத்தது. 859இல் ப்ரமோஷன், அதே நிலையின் மேல்படி. அடுத்த அஞ்சு வருஷத்தில், 864இல், மலை வெடித்தது. எரிகுழம்பு வடக்கே ஓடி ஒரு பெரிய ஏரியைத் துண்டாக்கியது. இன்றைக்கு இருக்கும் சாய்கோ, ஷோஜி ஏரிகள் அதன் மிச்சம்தான். அந்தக் குழம்பு உறைந்த பாறைமேல் வளர்ந்ததுதான் அவோகிகஹாரா காடு. ஏன் இப்படி ஆச்சு என்று தலைநகரில் குறி பார்த்தார்கள். சுருகா நாட்டு அசாமா கோவில் பூசாரிகள் சடங்குகளைச் சரியாகச் செய்யவில்லை என்று வந்தது. எங்கள் அலுவலகத்தில் சர்வர் விழுந்தால் எழுதும் அறிக்கையில் ‘ரூட் காஸ்’ என்று ஒரு பத்தி இருக்கும். அதில் கடைசியில் எப்போதும் யாரோ ஒரு கடைநிலை ஊழியர் வந்து நிற்பார். ஆயிரத்து நூற்றைம்பது வருஷமாக இதுதான் நடைமுறை போல. அடுத்த வருஷமே மலையின் மறுபக்கம், காய் நாட்டிலும் அசாமாவுக்கு ஒரு கோவில் கட்ட உத்தரவு வந்தது. சுருகா இன்றைய ஷிஜுவோகா, காய் இன்றைய யாமானாஷி. இரண்டு பக்கமும் மலை எங்களது என்று சொல்வதற்கு அப்போதே வேர் இருக்கிறது.

வெடிப்புகள் குறைந்த பிறகு ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். ஏறியவர்கள் ஷின்டோ பூசாரிகள் இல்லை. மலைகளில் தவம் செய்யும் பௌத்தத் துறவிகள். 12ஆம் நூற்றாண்டில் மட்சுதாய் என்ற துறவி நூற்றுக்கணக்கான தடவை ஏறியதாகப் பதிவு இருக்கிறது. 1149இல் உச்சியில் தைனிச்சி புத்தருக்கு அவர் ஒரு கோவில் எழுப்பினார். தைனிச்சி என்பது மகாவைரோசனரின் ஜப்பானியப் பெயர். எரிமலை வாயைச் சுற்றியுள்ள சிகரங்கள் எட்டு என்று எண்ணி, அதை எட்டிதழ்த் தாமரை என்றார்கள். அசாமா தெய்வமும் தைனிச்சி புத்தரும் ஒன்றுதான், புத்தரே இந்த நாட்டில் தெய்வமாக வந்து நிற்கிறார் என்பது அன்றைய எல்லோருக்குமான விளக்கம். உச்சியில் ஷின்டோ எது பௌத்தம் எது என்று அவர்களிடம் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது.

*

இனி கோடு வரும் கதை. 1600இல் செகிகஹாரா போரில் வென்ற தொகுகவா இயெயாசு, ஃபுஜினோமியா கோவிலைப் பெரிதாகக் கட்டிக் கொடுத்தார். இரண்டு மாடிக் கருவறை. ஷின்டோ கோவில்களில் அபூர்வமான அமைப்பு. இன்றும் நிற்கிறது. கட்டினால் போதுமா, பராமரிப்புச் செலவு? 1609இல் அதற்கும் ஏற்பாடு செய்தார்: மலை உச்சியில் பக்தர்கள் போடும் காசு கோவிலுக்கு முதலில் சேரட்டும்.

உச்சி ஏறியவர்கள் எரிமலை வாய்க்குள் காசு வீசுவார்கள். தெய்வம் இருக்கும் இடம் அதுதானே. ஆகப் பெரிய உண்டியல். அந்தக் காசைக் கீழே இறங்கிப் பொறுக்கி எடுப்பார்கள். யார் எடுப்பது என்பதில்தான் தகராறு. கிழக்குப் பாதையின் அடிவாரத்தில் இருந்த சுபாஷிரி கிராமத்தார் தங்களுக்குப் பங்கு உண்டு என்றார்கள். தென்பாதையில் முராயாமா மலைத்துறவிகள், வடக்கே யோஷிதாகாரர்கள், மேற்கே கோவில். பாதைகள் நாலு, உச்சி ஒன்று. வழக்கு எதோவில் இருந்த ஷோகுனேட் அரசுவரை போனது. 1779இல் அரசு தீர்ப்புச் சொன்னது: எட்டாம் நிலைக்கு மேலே செங்கென் கோவிலின் ஆளுகை.

அவ்வளவுதான். தெய்வத்தின் உடல் எட்டாம் நிலையில் தொடங்குவதற்கு எழுத்தில் இருக்கும் வலுவான ஆதாரம் இந்தத் தீர்ப்பு. காசு எடுக்கும் உரிமையிலிருந்து நிர்வாக உரிமை, அதிலிருந்து ஆளுகை, அதிலிருந்து 200 வருஷம் கழித்து நிலவுரிமை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பக்தியும் காசும் தனித்தனியாக ஓடிய கோவில் எந்த நாட்டில் இருக்கிறது? எனக்கு வியப்பு வேறு இடத்தில். ஒரு சில்லறைத் தகராறுக்காகப் போட்ட கோடு, பிறகு வந்தவர்களுக்கு இறையியலாகவே ஆகிவிட்டது.

நான் வேலை நிமித்தமாக டோக்கியோவில் இருந்த ஒரு கோடையில் யோஷிதா பாதையில் ஏறினேன். யோஷிதா பாதையும் சுபாஷிரி பாதையும் சேரும் இடம் எட்டாம் நிலையில் வருகிறது. கோடு எங்கே இருக்கும் என்று மெனக்கெட்டுத் தேடினேன். விடுதிக் குடிசைகள், தலைவிளக்கு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள், வாடகை ஆக்ஸிஜன் மாதிரி மூச்சு. காலடியில் அதே சிவப்புக் கருங்கல்தான். இன்னும் மேலே போனால் மரத் தோரி வாசல் ஒன்று வருகிறது. அதன் வெடிப்புகளில் ஏறியவர்கள் காசைச் செருகி வைத்திருக்கிறார்கள். யென் மட்டுமில்லை, என்னென்னவோ நாட்டுக் காசு. வழக்குக்குக் காரணமான பழக்கம் அப்படியே இருக்கிறது.

*

அந்தத் தீர்ப்பு வந்ததை ஒட்டிய காலம்தான் ஃபுஜி சாதாரண மக்களின் மலையாக மாறிய காலமும். அதற்கு வித்திட்டவர் ஜிகிக்யோ மிரோகு என்ற எண்ணெய் வியாபாரி. சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, 1733இல் மலைமேல் ஒரு பாறையருகே உண்ணாமல் இருந்து உயிர்விட்டார். பஞ்சமும் அரிசி விலையும் எதோ நகரைக் கலக்கிக்கொண்டிருந்த வருஷம் அது. சாகும்முன் 31 நாட்கள் அவர் சொன்னதைச் சீடர் ஒருவர் எழுதிவைத்தார். உழைப்பவன் தாழ்ந்தவன் இல்லை, பெண் அசுத்தமானவள் இல்லை என்பது அந்தப் போதனையில் முக்கியமானது. அதிலிருந்து ஃபுஜி-கோ என்ற குழுக்கள் கிளம்பின. தெருவுக்கு ஒரு குழு. சீட்டுப் பிடிப்பது போல எல்லோரும் காசு போட்டு, ஒவ்வொரு வருஷமும் சிலரை எல்லோர் சார்பிலும் மலைக்கு அனுப்புவார்கள். போக முடியாதவர்களுக்காக நகரத்துக்குள்ளேயே எரிமலைக் கல்லைக் கொண்டுவந்து குட்டி ஃபுஜி கட்டினார்கள். முதல் குட்டி ஃபுஜி எதோவின் தகாதாவில் எழுந்ததும் 1779ஐ ஒட்டித்தான். மேலே யாருக்கு ஆளுகை என்று அரசு எழுதிக்கொண்டிருந்தபோது, கீழே ஒருத்தர் மலையையே பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்!

பெண்களுக்கு அசல் மலையின் மேல்பகுதி மறுக்கப்பட்டிருந்தது. 1832இல் தகாயாமா தட்சு என்ற பெண் ஆண் உடையில் உச்சி ஏறினார். ஜிகிக்யோவின் வழிவந்த குழுவினர்தான் கூட்டிப்போனார்கள். தடை சட்டப்படி நீங்கியது 1872இல்.

அதற்குள் பெரிய இடி விழுந்திருந்தது. 1868இல் வந்த மெய்ஜி அரசு, தெய்வங்களையும் புத்தர்களையும் பிரிக்கச் சொல்லி ஆணையிட்டது. ஃபுஜியில் அது முழுமையாக நிறைவேறியது 1874இல். உச்சியிலும் பாதையோரங்களிலும் இருந்த புத்தர் சிலைகள் அகற்றப்பட்டன. தைனிச்சி மண்டபம் செங்கென் கோவிலின் ‘ஓகுமியா’ ஆனது, அதாவது உட்கோவில். மருந்துப் புத்தரான யகுஷியின் மண்டபம் குசுஷி கோவில் ஆனது. அதே சித்திர எழுத்துகளின் ஜப்பானிய வாசிப்புதான் குசுஷி. உச்சரிப்பை மாற்றினார்கள். சாக்கியமுனியின் பெயரில் இருந்த சிகரம் ஹகுசான் சிகரம் ஆனது. தைனிச்சி மண்டபத்தைப் பல நூற்றாண்டுகளாகப் பார்த்துக்கொண்ட முராயாமா மடாலயம் கலைக்கப்பட்டது. நான் உச்சியில் முத்திரை வாங்க வரிசையில் நின்ற குசுஷி கோவிலைப் பழமையான ஷின்டோ தலம் என்றுதான் கையேடு சொன்னது. தலம் பழமையானது, சரி. ஷின்டோ மட்டுமாக ஆனது ரயில் வந்த காலத்தில்.

*

இந்த மெய்ஜி அரசுதான் 1871இல் கோவில், மடாலயங்களின் நிலங்களைப் பிடுங்கி அரசுடைமை ஆக்கியது. ஃபுஜி உச்சியும் அதில் போனது. ஆனால் அதே அரசு செங்கென் கோவிலை அரசுக் கோவிலாக்கி, 1896இல் மிக உயர்ந்த படிநிலையையும் கொடுத்தது. அரசே கோவிலை நடத்துகிறபோது நிலம் யாருடையது என்று யார் கேட்கப் போகிறார்கள்? வலக்கையிலிருந்து இடக்கைக்கு.

1945இல் தோல்வி. அரசையும் மதத்தையும் பிரித்தே ஆக வேண்டும். புதிய அரசியலமைப்பு 1947 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சொத்தை மத அமைப்புக்குத் தரக்கூடாது என்று அதில் ஒரு பிரிவு. அதற்குச் சற்று முன் ஒரு சட்டம் போட்டார்கள்: முன்பு கோவிலிடமிருந்து எடுத்து அரசுப் பெயரில் வைத்த நிலத்தில், மத நடவடிக்கைக்குத் தேவையானதைத் திருப்பிக் கொடுக்கலாம். செங்கென் கோவில் எட்டாம் நிலைக்கு மேல் முழுவதையும் கேட்டது. அரசு உட்கோவிலைச் சுற்றிச் சிறு பகுதியைத்தான் தரச் சம்மதித்தது. ஃபுஜி நாட்டு மக்கள் எல்லோருக்கும் சொந்தம், ஒரு கோவிலுக்கு எப்படித் தரலாம் என்று எதிர்ப்பும் கிளம்பியது. 1957இல் கோவில் நகோயா நீதிமன்றத்துக்குப் போனது. 1962இல் மாவட்ட நீதிமன்றமும் 1967இல் உயர்நீதிமன்றமும் 1974 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் கோவில் பக்கமே நின்றன.

வழக்கின் மையம் எளிமையானது, அதனாலேயே கடினமானது. ஒரு கோவிலுக்கு மத நடவடிக்கைக்கு எவ்வளவு இடம் தேவை? அரசின் பார்வையில் கட்டடம், அதைச் சுற்றிச் சடங்கு செய்ய இடம், அவ்வளவு போதும். கோவிலின் வாதம்: நாங்கள் கும்பிடுவது கட்டடத்துக்குள் இருக்கும் ஒன்றை இல்லை, மலையை. ஒரு மதச்சார்பற்ற நீதிமன்றம் இப்போது தெய்வத்தின் உடலைச் சதுர மீட்டரில் அளக்க வேண்டும். அளந்தது. கையில் இருந்த ஒரே அளவுகோல் 1779இன் கோடு. அதையே எடுத்துக்கொண்டது. வானிலை நிலையம், ஏறுபாதை போன்றவற்றைக் கழித்துக்கொண்டது.

வானிலை நிலையம் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனசு வரவில்லை. உச்சியின் மிக உயர்ந்த முனையான கெங்கமினேயில் 1895 குளிர்காலத்தில் நோனாகா இதாரு என்பவர் சொந்தச் செலவில் குடிசை போட்டு வானிலை அளந்தார். மனைவி சியோகோ பின்னாலேயே ஏறிப் போய்ச் சேர்ந்துகொண்டார். இருவரும் நோயில் விழுந்து டிசம்பரில் மீட்கப்பட்டார்கள். 1959இல் இசே வளைகுடா சூறாவளி 5,000 பேருக்குமேல் பலிகொண்ட பிறகு, அதே முனையில் ரேடார் வைக்க முடிவானது. 1964இல் கோளக் கூண்டை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் இறக்கினார்கள். அந்தத் திட்டத்தில் இருந்த வானிலைத் துறைப் பொறியாளர்தான் நித்தா ஜிரோ என்ற பெயரில் எழுதிய நாவலாசிரியர். 800 கிலோமீட்டர் தூரத்துச் சூறாவளியைப் பார்த்த அந்த ரேடார் 1999வரை ஓடியது. தெய்வத்தின் தலையில் அரசின் கண். நீதிமன்றம் அந்தத் துண்டை மட்டும் வெட்டி அரசிடமே விட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தீர்ப்பும் என் கணக்கில் சரிதான். எடுத்தவன் திருப்பித் தர வேண்டும். மலை நாட்டின் சின்னம் என்பதால் அரசிடமே இருக்க வேண்டும் என்பது, 1945க்குப் பிறகு ஜப்பானில் யாரும் எளிதாகச் சொல்லக்கூடிய வாதமும் இல்லை. ஆனால் எனக்கு உறுத்துவது வழக்கில் இல்லாதவர்கள். எடுத்தவனிடம் கேட்க 1957இல் ஒரு கட்சிக்காரர்தான் மிச்சம் இருந்தார். முராயாமா மடாலயம் கலைந்து எண்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. தைனிச்சி புத்தருக்கு வக்கீல் இல்லை. ஃபுஜி-கோ குழுக்களுக்கு நம்பிக்கை இருந்ததே தவிர மலைமேல் பட்டா எதுவும் இருந்ததில்லை. சட்டம் திருப்பிக் கொடுத்தது 1871இன் பறிமுதலை. 1868இன் பிரிவினையை அது தொடவில்லை, தொடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. 2013இல் யுனெஸ்கோ ஃபுஜியை உலகப் பாரம்பரியத் தலமாகச் சேர்த்தது இயற்கைச் சிறப்புக்காக இல்லை, பண்பாட்டுக்காக: புனிதத் தலம், கலைகளின் ஊற்று என்று. அந்தப் புனிதத்தில் பாதிக்கு இன்று உச்சியில் பெயர்ப்பலகை இல்லை.

இப்போது மலையேற ஆளுக்கு 4,000 யென். இரண்டு மாகாணங்களும் 2025 முதல் வாங்குகின்றன. காசு வாங்கும் வாயில் ஐந்தாம் நிலையில் இருக்கிறது, எட்டில் இல்லை.

ஃபுஜினோமியா கோவிலிலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் யமாமியா செங்கென் கோவில் இருக்கிறது. 806இல் இப்போதைய இடத்துக்குத் தெய்வம் வருமுன் அங்கேதான் இருந்தது என்பது ஐதீகம். கோவில் என்று பெயரே தவிரக் கருவறை கிடையாது. கட்டிப் பார்த்தபோதெல்லாம் காற்று பிய்த்துப்போட்டது என்கிறார்கள். கல்படி ஏறினால் மரங்களுக்கு நடுவே தாழ்ந்த கல் அடைப்பு. பூசாரிகள் உட்கார வரிசையாகக் கற்கள். எதிரே, மேகம் இல்லாத நாளில், முழு மலை. வருஷத்துக்கு இரண்டு முறை தெய்வத்தை ஓர் ஈட்டியில் எழுந்தருளச் செய்து, கீழ்க்கோவிலிலிருந்து இங்கே கொண்டுவந்து திரும்புவார்கள். மெய்ஜி தொடக்கத்தில் அந்த ஊர்வலம் நின்றுபோனது. வழியில் ஈட்டியைச் சாய்த்து இளைப்பாற வைத்திருந்த கல் மட்டும் இன்னும் இருக்கிறது.